நான்கு மிக்குனிகளும் ஒரு பின்டோ எஞ்சினும்

ஷெஃபீல்டிலிருந்து மேற்கே கிளாஸப் நோக்கிப் போகும் ஏ57 சாலை, ஸ்நேக் பாஸ் என்னும் கணவாயில் 500 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. பைக் கார்புரேட்டர்கள் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவிகள்) நான்கை வைத்து என் கையால் பூட்டிய காரில் அந்தச் சாலையில் முதன்முறையாக ஏறிய ஞாயிற்றுக்கிழமை காலையில், உச்சிக்கு இரண்டு மைல் இருக்கும்போது பெட்ரோல் வாடை வந்தது. கூரையில்லாத வண்டியில் வெளிவாடை எல்லாமே மூக்கில் ஏறும் என்பதால், முன்னால் போகும் ஏதோ பழைய வண்டியின் புகை என்று முதலில் நினைத்தேன். அடுத்த வளைவில் எஞ்சின் இரண்டு முறை இருமியது. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், மூன்றாவது கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து பெட்ரோல் நூல் பிடித்தாற்போல் ஒழுகி, சேஸிஸ் குழாயின் கறுப்புப் பெயிண்டை நனைத்துத் தரையில் சிறு குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது. என் காரில் உள்ள ஃபோர்டின் பின்டோ எஞ்சினில், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மறுபக்கத்தில் இருக்கிறது. அன்று வண்டி தீப்பிடிக்காமல் தப்பியதற்கு அந்த அமைப்பு ஒன்றே காரணம்.

அதன்பின் ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 14,000 மைல் ஓட்டிவிட்டேன். உதிரிகளைச் சேர்த்து வீட்டிலேயே கட்டும் கிட் காரைத் தொடங்கும் நண்பர்கள் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, பைக் கார்புரேட்டரை நம்பி நெடுந்தூரம் போகலாமா என்பதுதான். போகலாம் என்றே நான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கார்புரேட்டர் பைக்கில் இருந்தபோது அதற்கு என்னென்ன கிடைத்ததோ, அவற்றில் நாம் எவற்றைப் பறித்துக்கொண்டோம் என்று தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். என் வண்டியில் வந்த கோளாறுகளை நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் கார்புரேட்டருக்குள்ளேயே பிறந்த கோளாறு ஒன்றே ஒன்று. மீதி அனைத்தும் அதைக் காரில் பொருத்துவதற்காக நான் செய்த மாற்றங்களால் வந்தவை.

முதலில் வண்டியைப் பற்றி. 1957இல் வந்த லோட்டஸ் செவனின் வடிவத்தைப் பின்பற்றி, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அலுமினியத் தகடு போர்த்திக் கட்டப்படும் இருவர் கார் இது. அசல் செவனின் உரிமையை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆனால் அதே சாயலில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்படும் வண்டிகள் இங்கிலாந்து முழுவதும் ஓடுகின்றன. ஒரு பழைய ஃபோர்டு சியராவை வாங்கிப் பிரித்து, அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆகியவற்றைப் புதிய சட்டத்துக்கு மாற்றுவதுதான் பழைய வழி. நானும் 1988ஆம் ஆண்டுச் சியரா ஒன்றின் 2 லிட்டர் பின்டோ எஞ்சினைத்தான் எடுத்தேன். கம்பெனியில் வந்தபடி அது 105 குதிரைத்திறன். கேம்ஷாஃப்ட்டை மாற்றி, ஒரு சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் என்று வைத்தால் அந்த எஞ்சின் வேறு உயிராகிவிடும். இதற்கென்றே பிறந்தவை இத்தாலிய வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டர்கள். ஆனால் இரண்டு வெபரும், அவற்றை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டும் வாங்கும் பணத்தில் என் சட்டத்துக்கான இரும்பு முழுவதையும் வாங்கிவிடலாம். 1998 முதல் 2001 வரை வந்த யமஹா ஆர்1 பைக்கின் நான்கு 40 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர்கள், பைக் உடைக்கும் கடையில் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைத்தன. 2002இல் அந்த பைக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், பழைய மாடல்களின் கார்புரேட்டர் வரிசைகளைக் கிட் கார்காரர்கள்தான் தேடித் தேடி வாங்கினார்கள்.

ஆயிரம் சி.சி. பைக்கின் கார்புரேட்டர் இரண்டாயிரம் சி.சி. காருக்குப் போதுமா என்று பலரும் ஐயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். ஆர்1இன் ஒரு சிலிண்டர் 250 சி.சி.; நிமிடத்துக்கு 10,000 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுத்தால் நிமிடத்துக்கு 1,250 லிட்டர். பின்டோவின் ஒரு சிலிண்டர் 500 சி.சி.; 6,000 சுற்றில் 1,500 லிட்டர். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதான். பெரிய சிலிண்டர் மெதுவாகச் சுழல்கிறது, சிறிய சிலிண்டர் வேகமாகச் சுழல்கிறது. நடுவில் நிற்கும் கார்புரேட்டருக்கு வேலை ஏறத்தாழ ஒன்றுதான். பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலைச் சற்றே உயர்த்தினால் கலவை சரியாகிவிடுகிறது.

இந்தக் கார்புரேட்டரின் குணத்தை அறிய, பழைய புல்லட்டில் இருந்த மிக்கார்ப் கார்புரேட்டரை நினைத்துக்கொள்வது நல்லது. அதில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கார்புரேட்டருக்குள் காற்று வழியை அடைத்து நிற்கும் சிறு பிஸ்டனைக் கேபிள் நேராகத் தூக்கும். எஞ்சினுக்குத் தேவையோ இல்லையோ, வழி திறந்துவிடும். ஆர்1இல் உள்ளது வேறு வகை. கேபிள் திறப்பது பின்னால் இருக்கும் ஒரு வட்டத் தகட்டை மட்டுமே. முன்னால் நிற்கும் பிஸ்டனைத் தூக்குவது, எஞ்சின் இழுக்கும் காற்றால் உண்டாகும் வெற்றிடமும், அதன் மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் டயாஃப்ரமும். எனவே நாலாவது கியரில் ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும், பிஸ்டன் எஞ்சினால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் எழும். வெபரில் இப்படித் திடீரென மிதித்தால் எஞ்சின் திணறும்; அதை மறைக்க ஒரு தனி பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. இங்கே அது தேவைப்படுவதில்லை. ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது என் வண்டி வெபர் வைத்த வண்டிகளைவிட அமைதியாக நடந்துகொள்வது இதனால்தான். பழைய பைக் பெட்டிகளில் மிக்குனியின் பெயரைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இது அந்நியமான பொருளும் அல்ல. சென்னையின் யூகால் நிறுவனம் மிக்குனியோடு சேர்ந்து பல ஆண்டுகள் இந்தக் குடும்பத்துக் கார்புரேட்டர்களைச் செய்து தந்திருக்கிறது.

இப்போது ஸ்நேக் பாஸ் ஒழுகலுக்கு வருகிறேன். பின்டோவின் பிளாக்கில் பொருந்தியிருக்கும் மெக்கானிக்கல் பம்பை நான் அப்படியே விட்டிருந்தேன். சியராவின் சொந்தக் கார்புரேட்டரில், பெட்ரோலில் மிதந்து வரத்தை அடைக்கும் கனமான ஃப்ளோட்டும் அகலமான வால்வும் இருப்பதால் அந்தப் பம்பின் அழுத்தம் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் பைக்கில் பெட்ரோல் டேங்க் கார்புரேட்டருக்கு மேலேயே இருக்கிறது. பல பைக்குகளில் புவியீர்ப்பால் இறங்குவதே போதும், பம்ப் இருந்தாலும் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்துக்கு மேல் தள்ளாது. அந்த மெல்லிய அழுத்தத்துக்கென்று செய்த சிறு ஃப்ளோட், கார் பம்பின் தள்ளலை எதிர்த்து நீடில் வால்வை மூடிப்பிடிக்க முடியாமல் தோற்றுவிடுகிறது. சமதளத்தில் சமாளித்தது, மேடேறும்போது அதிர்விலும் சாய்விலும் விட்டுக்கொடுத்தது. மூன்றாவது மட்டும் ஒழுகியதற்குக் காரணம், அதன் நீடில் வால்வின் ரப்பர் முனையில் மோதிரம் பதிந்ததுபோல் ஒரு தேய்மானம் இருந்தது. அழுத்தம் சரியாக இருந்திருந்தால் அந்தத் தேய்மானத்தோடும் அது அடைத்திருக்கும்.

மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து மூடிவிட்டு, டேங்க்குக்குப் பக்கத்தில் குறைந்த அழுத்தத்து எலக்ட்ரிக் பம்பும், வழியில் ஃபில்டரோடு சேர்ந்த ரெகுலேட்டரும் வைத்து, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து இரண்டேகால் பி.எஸ்.ஐ.க்கு நிறுத்தினேன். மோதினால் பம்பைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச்சையும் அப்போதே சேர்த்தேன். ரெகுலேட்டரின் மேல் அச்சிட்ட எண்களை நம்பி நிறுத்துகிறவர்கள் பலர். என்னுடையதில் முள் இரண்டைக் காட்டியபோது கேஜில் மூன்றரை இருந்தது. கேஜ் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பின் ஆறு ஆண்டுகளில் ஒரு சொட்டுகூட ஓவர்ஃப்ளோ ஆனதில்லை.

அடுத்து வந்த கோளாறுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நீண்ட வளைவுகளில், அதுவும் ஒரு பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும், எஞ்சின் பாதியில் காலியாகி, வளைவு நேரானதும் ஒரு உதறலோடு திரும்பி வந்தது. மறுபக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை. மின்சாரக் கோளாறு என்று எண்ணி இரண்டு வார இறுதிகளை வயரிங்கில் தொலைத்தேன். கடைசியில் விடை கிடைத்தது ஒரு தண்ணீர்க் குவளையிலிருந்து. காரில் குவளையை வைத்துக்கொண்டு வளைவெடுத்தால் தண்ணீர் வெளிப்பக்கம் ஏறும். பைக்கில் குவளையைக் கட்டிவிட்டு அதே வளைவெடுத்தால் தண்ணீர் ஏறாது. ஏனென்றால் பைக்கே உள்பக்கம் சாய்கிறது, எடையும் விலகு விசையும் சேர்ந்த விசை எப்போதும் பைக்கின் அடிப்பக்கம் நோக்கியே இருக்கிறது. ஆகவே பைக் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணம், வளைவு என்ற ஒன்றையே வாழ்நாளில் உணர்ந்ததில்லை. பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு இருந்தால், காரில் கிண்ணத்துக்குள் பெட்ரோலின் மேல்மட்டம் 35 பாகை சாய்ந்துவிடும். நல்ல டயரோடு ஒரு செவன் வகை வண்டி இந்த விசையை எளிதாக எட்டும்.

பைக் கார்புரேட்டர் அறிந்த விசைகள் இரண்டுதான்: வேகமெடுப்பதும் பிரேக் பிடிப்பதும். பைக்கில் எஞ்சின் குறுக்காக இருக்கிறது, கார்புரேட்டரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. வேகமெடுக்கும்போது பெட்ரோல் வாய்ப் பக்கம் ஒதுங்குகிறது. அப்போது ஆக்சிலரேட்டர் திறந்திருக்கிறது, எனவே அந்த நிலையிலும் ஜெட்டுக்குக் குறையாமல் பெட்ரோல் கிடைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் எஞ்சின் பக்கம் ஒதுங்குகிறது. அப்போது ஆக்சிலரேட்டர் மூடியிருக்கிறது, ஜெட்டில் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. செவன் வகைக் காரில் எஞ்சின் நீளவாக்கில் இருப்பதால், அதே கார்புரேட்டரின் வாய் பக்கவாட்டில் பார்க்கிறது. வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கார் திரும்பினால், பெட்ரோல் எஞ்சின் பக்கம் ஒதுங்கும். பைக்கின் கண்ணோட்டத்தில் அது பிரேக் பிடிக்கும் நிலை. ஆனால் கார் ஓட்டுகிறவர் அந்த வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் பைக்கின் பிரேக்கைப்போல மூன்று நான்கு விநாடியில் முடிவதில்லை. பெரிய ரவுண்டானாவிலோ, நெடுஞ்சாலையின் சுழல் இறக்கத்திலோ பத்து விநாடி நீடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எஞ்சின் காலியான மர்மம் இதுதான்.

இதைக் கூட்டிக் கெடுத்தது நான் செய்த இன்னொரு பிழை. ஆர்1இன் கார்புரேட்டர் கிடையாக நிற்பதற்காகச் செய்ததல்ல. பைக்கில் அது வாய் மேல்நோக்கிய நல்ல சரிவில் அமர்ந்திருக்கிறது, ஃப்ளோட்டின் மட்டமும் அந்தச் சரிவுக்கே நிர்ணயித்தது. நான் வாங்கிய மேனிஃபோல்டு அதைக் கிட்டத்தட்டக் கிடையாகப் படுக்க வைத்தது. மட்டத்தைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் முனையில் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதை மேல்நோக்கி வளைத்துக் கார்புரேட்டரின் உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வடிகால் திருகைத் தளர்த்தினால், குழாயில் ஏறும் பெட்ரோல் உள்ளே இருக்கும் மட்டத்தை அப்படியே காட்டும். என்னுடைய நான்கிலும் மட்டம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. மேனிஃபோல்டை வெட்டி, சரிவாக ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்து, கார்புரேட்டர்களைப் பைக்கில் இருந்த கோணத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். பிறகு ஃப்ளோட்டின் நாக்கை மயிரிழை வளைத்து மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினேன். பானெட்டில் ஒரு புடைப்பு வைக்க நேர்ந்தது, பார்வைக்கு அது சற்று உறுத்தும். வளைவில் எஞ்சின் காலியாவது நின்றுபோயிற்று. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு, ஒட்டும் டயரில், இது போதாமல் போகலாம்; சாலைக்குப் போதும்.

கார்புரேட்டர்களின் இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைக்கின் நான்கு சிலிண்டர்கள் நெருக்கமானவை. பின்டோவின் துளைகள் தள்ளித் தள்ளி இருப்பவை. எனவே ஒன்று, வளைந்த குழாய்களோடு மேனிஃபோல்டு செய்ய வேண்டும். அல்லது கார்புரேட்டர் வரிசையைப் பிரித்து, நீளமான கம்பிகளும் பித்தளைக் குழாய்களும் இட்டு அகலப்படுத்த வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். கார்புரேட்டர்களுக்கு இடையே பெட்ரோலைக் கொண்டுசெல்லும் டி வடிவக் குழாய்களின் முனைகளில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள் உண்டு. இருபது ஆண்டுகள் அசையாமல் இருந்த ஓ-ரிங்கை ஒருமுறை உருவினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். பழையதையே திரும்பப் போட்டுவிட்டு, மறுநாள் காலை கொட்டகையைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது உப்ப வைக்கும், பிறகு இறுக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐந்து சதவீதத்துக்கு மிகாத சூப்பர் பெட்ரோல் விலை கூடுதல் என்றாலும், கார்புரேட்டர் வண்டிக்கு நான் அதைத் தவிர வேறெதையும் ஊற்றுவதில்லை; ஓ-ரிங்குகளையும் வைட்டான் ரப்பரில் மாற்றிவிட்டேன்.

வரிசையை அகலப்படுத்தும்போது கவனிக்கப்படாமல் விடுபடுபவை கிண்ணங்களின் மூச்சுக் குழாய்கள். பைக்கில் அவை காற்றடங்கிய இடத்தில் முடியும். என் வண்டியில் அவற்றை வெறுமனே தொங்கவிட்டிருந்தேன். அறுபது மைல் வேகத்தில் பானெட்டின் பக்கவாட்டுத் திறப்பு வழியே நுழைந்த காற்று அவற்றின் வாயில் அடித்து, கிண்ணத்தின் அழுத்தத்தை ஏற்றி இறக்கி, நேரான சாலையில் சீராகப் போகும்போதே எஞ்சினைத் தயங்க வைத்தது. குழாய்களை நீட்டி, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலின் ஓரத்தில் காற்றடிக்காத மூலையில், நுனியில் சிறு ஸ்பான்ஞ்சோடு கட்டியதும் அது சரியானது. செலவு இரண்டு பவுண்டுகூட இல்லை.

இதே வகையில் பலரை அலைக்கழிக்கும் இன்னொன்று ஏர் ஃபில்டரின் அடித்தகடு. மிக்குனியின் வாயில் எட்டிப் பார்த்தால், பெரிய துளையின் விளிம்பில் ஊசிமுனை அளவில் இரண்டு பித்தளைத் துளைகளும், மேலே பிறைபோல் ஒரு பள்ளமும் தெரியும். பித்தளைத் துளைகள் ஏர் ஜெட்டுகள். பிறைதான் டயாஃப்ரமின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்றைக் கொண்டுபோகும் வழி. ஸ்பான்ஞ்ச் ஃபில்டரை மாட்டுவதற்காக ஒரு தட்டையான தகட்டில் நான்கு வட்டத் துளை போட்டுக் கார்புரேட்டர்களின் முகத்தில் இறுக்கினால், அந்தத் தகடு பிறையை மூடிவிடும். டயாஃப்ரமின் அடியில் காற்றில்லை என்றால் பிஸ்டன் எழாது. எஞ்சின் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு வரை இனிமையாக ஓடி, அதற்கு மேல் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து, பைக் கார்புரேட்டரே காருக்கு ஆகாது என்று கழற்றி விற்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய ஃபில்டர் தகட்டை நான் பிறகு பார்த்தேன், பிறைகள் நான்கும் மூடியிருந்தன. அவற்றுக்கு நேரே தகட்டை அரத்தால் ஐந்து நிமிடம் ராவியிருந்தால் அந்த வண்டி இன்றும் அவரிடம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மிக்குனி எண், இன்னொரு கார்புரேட்டர் நிறுவனமான கெய்ஹினின் எண், வெளிநிறுவனங்களின் ட்யூனிங் கிட்டில் வரும் எண் ஆகிய மூன்றும் ஒரே அளவுகோல் அல்ல. மிக்குனியின் எண் எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது என்பதையும், கெய்ஹினின் எண் துளையின் விட்டத்தையும் குறிக்கும். இன்னொருவர் வண்டியில் 160 என்று கேட்டுவிட்டு வேறு தயாரிப்பின் 160ஐப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. சிறு ட்ரில் பிட்டால் ஜெட்டைக் குடைந்து பெரிதாக்குவதும் அப்படியே. நின்ற இடத்திலேயே உருளைகளின் மேல் ஓட்டிப் பார்க்கும் ரோலிங் ரோடில் வண்டியை ஏற்றி, எக்ஸாஸ்ட்டில் கலவையை அளக்கும் லாம்டா சென்சார் வைத்து, முழு ஆக்சிலரேட்டரில் காற்றும் பெட்ரோலும் பதின்மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு அருகில் வரும்வரை மாற்றினோம். என் எஞ்சினுக்கு 155 மிக்குனியில் அது அமைந்தது. இந்த வேலையைச் செய்து தந்த முதியவர், நான் கேட்காமலேயே நான்கு டயாஃப்ரம்களையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம்போல் தெரியுமாம். பிறகு மூடியைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு பிஸ்டனையும் விரலால் தூக்கி விட்டுக் காட்டினார். நல்லது என்றால் பெருமூச்சு விடுவதுபோல் மெல்ல இறங்கி, அடியில் சன்னமாகத் தட்டும். கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயை டயாஃப்ரமின் மேல் பட விடாதே, ரப்பர் உப்பிவிடும் என்று அவர் சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

கார்புரேட்டரை மேனிஃபோல்டோடு இணைக்கும் ரப்பர் வளையங்கள் வெடித்தால் எஞ்சின் இடையில் காற்றிழுக்கும். பத்து வயதைத் தாண்டியவற்றை யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். ரப்பரே இல்லாமல் நேரடியாக போல்ட் போட்டு இறுக்குவது இன்னும் மோசம், பின்டோவின் அதிர்வில் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைத்துவிடும். ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப் வைக்க மறந்தால், மனிதக் காலின் முழுப் பலமும் பைக் விரலுக்கென்று செய்த கேபிளில் விழும். இரண்டாம் ஆண்டில் என் கேபிள் அறுந்தது அப்படித்தான்.

குளிர்காலத்துக்கு என்று ஒரு தனிக் கோளாறு இருக்கிறது. பூஜ்யத்துக்குச் சற்று மேலே, காற்றில் ஈரம் நிறைந்த நவம்பர் காலைகளில், பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டையை மேலும் குளிர்வித்து, காற்றிலுள்ள ஈரத்தை அங்கேயே பனியாக உறைய வைக்கும். ஐடிலிங் நின்றுபோகும், பத்து நிமிடம் கழித்து எஞ்சின் சூட்டில் பனி உருகிவிட, ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் கோளாறு இருந்த சுவடே இருக்காது. இந்நாட்டில் விற்ற சில பைக்குகளில் இதற்காகவே கார்புரேட்டருக்கு வெந்நீர் சுற்றும் ஏற்பாடு இருந்தது. காருக்கு மாற்றும்போது அந்தச் சிறு குழாய்களை வேண்டாத ஒன்றாக எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடுகிறோம். நான் குளிர்மாதங்களில் ஃபில்டருக்கு முன்னால் ஒரு அலுமினிய மறைப்பு வைத்து, ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்று உள்ளே போகும்படி செய்கிறேன். முழு விடை அல்ல, ஆனால் நின்றுபோவது குறைந்திருக்கிறது.

அனுமதிச் சோதனையைப் பற்றியும் பலர் அஞ்சுகிறார்கள். 2009 முதல் இங்கே கிட் கார்களுக்கு ஐவிஏ என்ற தனிச் சோதனை உண்டு. என் எஞ்சினின் வயதுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நான்கு கார்புரேட்டரையும் வாக்குவம் கேஜ் வைத்து ஒரே இழுப்புக்குச் சமன்செய்து, மிக்சர் திருகுகளைச் சமமாக வைத்தால் இது சிரமமே இல்லை. இரண்டரைக்குக் கீழே வந்தது.

கார்புரேட்டருக்குள்ளேயே பிறந்த அந்த ஒரே கோளாறு இந்தக் குளிர்காலத்தில் தெரியவந்தது. பாதி ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பதும், பிளக்குகளில் கரி படிவதும் ஓராண்டாகவே இருந்தன. கழற்றிப் பார்த்தால், நீடில் ஏறி இறங்கும் பித்தளைக் குழலின் வட்டத்துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. ஐந்நூறு சி.சி. சிலிண்டர் மெதுவான சுற்றில் வெட்டி வெட்டி இழுக்கும்போது பிஸ்டன் இடைவிடாமல் துடிக்கிறது. அந்தத் துடிப்பில் நீடில் பித்தளையை உரசிக்கொண்டே இருக்கிறது. பைக்குகளிலும் இந்தத் தேய்மானம் உண்டு, காரில் விரைவாக வருகிறது என்று நினைக்கிறேன். இருபதாண்டுப் பழைய உதிரிக்கு இந்த உழைப்பு குறைவானதல்ல. நான்கு குழல்களும் நான்கு நீடில்களும் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். கிண்ணங்களில் பெட்ரோலை வடித்துவிட்டுக் கார் கொட்டகையில் நிற்கிறது. மார்ச் மாதத்துக்குள் பூட்டி, கேஜ் வைத்துச் சமன்செய்துவிட்டு, முதல் ஓட்டமாக ஸ்நேக் பாஸ் வழியாகக் கிளாஸப் வரை போய்வர வேண்டும்.